பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்: சின்ன எஞ்சின் பாகங்களை நாமே மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய புல்லட் ஒன்று நிற்கிறது, அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். என்னிடம் இருப்பதும் அப்படி வந்த வண்டிதான். அப்பா வாங்கிய 350 சிசி, பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த காஸ்ட் அயர்ன் எஞ்சின். பதினைந்து வருடமாக அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முழு எஞ்சினையும் பிரித்து வேலை செய்வது பற்றி இதில் இல்லை. பிளக், பாயிண்ட், கண்டென்சர், ஜெட், பேக்கிங், கேபிள் போல உள்ளங்கையில் அடங்கும் பாகங்கள் மட்டும்தான்.

என் வண்டி எந்த எஞ்சின் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா புல்லட் பாகமும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. கடையில் "புல்லட்டுக்கு" என்று மட்டும் கேட்டால் தவறான பாகத்தோடு திரும்பி வருவீர்கள்.

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தில் அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே அதே எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் அதற்குக் காஸ்ட் அயர்ன் என்று பெயர். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லி; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லி; 346 சிசி. பிறகு ஏவிஎல் என்ற அலுமினிய எஞ்சின் வந்தது. அதற்கும் பிறகு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலாக இருக்கும் யுசிஇ வந்தது. இந்த மூன்றின் எஞ்சின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் சேராது.

அடையாளம் சுலபம். கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக எஞ்சினுக்குப் பின்னால் போல்ட் போட்டு நிற்கிறது, கியர் வலது காலில், சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு சின்ன டிஸ்ட்ரிபியூட்டர் நிமிர்ந்து நிற்கிறது என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கானது. காஸ்ட் அயர்னிலேயே கடைசியில் வந்த சில வண்டிகளில் பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும். அவர்கள் பாயிண்ட், கண்டென்சர் பகுதியைத் தாண்டிவிடலாம்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்கு ஈடான வழி வேறு இல்லை.

எங்கே தொடங்குவது? பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள்.

நான்கு பாகத்தை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. சரியாகவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். பழைய கோளாறு அப்படியே இருக்கிறதா, புதிதாகப் போட்ட நான்கில் ஒன்று கோளாறா என்று புரியாமல் நிற்போம். இப்போது கிடைக்கும் புதுப் பாகங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. பெட்டியில் புதிதாக இருப்பது வேலை செய்யும் என்று நம்பவே கூடாது. பழையது இருபது வருடம் ஓடிக் காட்டிய பாகம். புதியது இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை சென்னைக்குக் கிளம்பும் முன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு கடையில் வாங்கிய புதுக் கண்டென்சரைப் போட்டேன். திண்டிவனம் தாண்டியதும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. மேல்மருவத்தூருக்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. பிளக்கை மாற்றினேன், கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தேன், பெட்ரோல் டியூப்பை ஊதினேன். ஒரு மணி நேரம் வெயிலில் போனது. கடைசியில் பையில் கிடந்த பழைய கண்டென்சர் நினைவுக்கு வந்தது. அதை மாட்டினேன், இரண்டாவது கிக்கில் கிளம்பியது. அந்தப் பழைய கண்டென்சர் அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓடியது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்குப் போகும் முன் எதை எல்லாம் பார்க்கலாம்?

பிளக்கைக் கழற்றுங்கள். ஒயர் முனையில் உள்ள பிளக் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) படும்படி வைத்துக் கிக்கரை அடியுங்கள். நீல நிறத்தில், சொடுக்குச் சத்தத்தோடு பொறி வந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வரவே இல்லையென்றாலோ பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் கேப், ஒயர் என்று தேட வேண்டும். இதைச் செய்யும்போது பக்கத்தில் திறந்த பெட்ரோல் இருக்கக் கூடாது. பிளக் ஓட்டைக்கு நேரே பிளக்கைப் பிடிக்கவும் கூடாது.

பொறி நன்றாக இருந்தால் பிளக்கின் முனையைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, சாவியை அணைத்தபடி பத்துத் தரம் கிக் செய்து காற்றோட்டம் கொடுங்கள்.

இன்னொரு வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுதான் சிறந்த சோதனைக் கருவி. சந்தேகப்படும் பாகத்தை ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்து இதில் போட்டுப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், இதில் இருந்ததை அதில் போட்டும் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பாகம் அதுதான்; சந்தேகத்துக்கே இடமில்லை.

பிளக்கில் என்ன இருக்கிறது? எந்தப் பிளக்கும் திரும்பினால் போட்டுவிடலாம்தானே?

திரும்பும். அதுதான் ஆபத்து. 14 மில்லி மரை கொண்ட பிளக்குகள் இரண்டு நீளத்தில் பரவலாகக் கிடைக்கின்றன. மரை உள்ள பகுதி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி, மற்றொன்று 19 மில்லி. காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குக் குட்டையானது. நீளமானதைப் போட்டால் முனை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனில் தட்டலாம். தட்டாவிட்டாலும் உள்ளே நீட்டிய மரையில் கரி ஏறிப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துக்கொண்டு வரும். பிளாக்தான் இரும்பு, ஹெட் அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம். பழைய வண்டிகளில் மைக்கோவின் டபிள்யூ 175 இசட் 1 போடுவது வழக்கம். என்ஜிகே வாங்கினால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள்: ஹெச் என்றால் குட்டை, ஈ என்றால் நீளம்.

பிளக் முனையின் இடைவெளி அரை மில்லி. போடும்போது ஸ்பானரைத் தொடாதீர்கள். ஹெட் ஆறியிருக்கும்போது விரலால் மட்டுமே கடைசிவரை திருகிக்கொண்டு போங்கள். விரலுக்குச் சிக்கினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள். உடனே பின்னால் திருப்புங்கள். வாஷர் போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர். புது வாஷர் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்கும் குறைவு.

கழற்றிய பிளக்கின் நிறம் நிறையச் சொல்லும். இளம் காப்பிக்கொட்டை நிறம் நல்லது. புகைபோல் காய்ந்த கருப்பு, பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கருப்பு, எண்ணெய் மேலே வருகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். இதைத்தான் உடனே கவனிக்க வேண்டும், எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

பாயிண்ட்டை நானே மாற்றலாமா? கேப் (இடைவெளி) எவ்வளவு வைப்பது?

மாற்றலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ், நல்ல வெளிச்சம் போதும். இந்த வண்டியில் மனதாரச் செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தால் நடுவில் ஒரு கேம் தெரியும். அதன் மேட்டில் ஏறி இறங்கும் ஒரு கை, அந்தக் கையின் நுனியில் ஒரு பொட்டு, எதிரே தகட்டில் அசையாத இன்னொரு பொட்டு. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட்டின் கை மேட்டின் உச்சியில் ஏறி இரண்டு பொட்டும் அதிகபட்சம் விலகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லி. கேஜ் உள்ளே போகும்போது லேசாக உரச வேண்டும். தள்ளிக்கொண்டு போகக் கூடாது, ஆடவும் கூடாது. தகட்டின் திருகைத் தளர்த்தி நகர்த்தி இறுக்குங்கள். இறுக்கும்போதே கேப் ஒரு முடியளவு மாறும். அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்தால்தான் கணக்கு. எனக்கு இன்றைக்கும் மூன்று தடவையாவது திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

புதுப் பாயிண்ட் வாங்கினால் பொட்டுகளின்மேல் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு "புதுசு போட்டும் பொறி வரலையே" என்று தவிப்பவர்கள் ஏராளம். ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்துப் பொட்டுகளுக்கு நடுவே விட்டு இழுங்கள். பிறகு காய்ந்த காகிதத்தால் ஒருமுறை. பழைய பஸ் டிக்கெட் இதற்கு மிகவும் பொருத்தம், நூல் விடாது. பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். ஓர் இழை மாட்டிக்கொண்டாலும் பாயிண்ட் தொடாது. உப்புத்தாளும் கூடாது, மணல் துகள் பொட்டில் பதிந்துவிடும். லேசாகக் கருகியிருந்தால் அதற்கென்று உள்ள மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு.

கேமின்மேல் உரசும் கையின் குதிகால் பகுதிக்கு அரிசி அளவு கிரீஸ். அதற்கு மேல் வைத்தால் சூட்டில் தெறித்துப் பொட்டில் ஏறும். கிரீஸே இல்லாவிட்டால் அந்தக் குதிகால் தேயும். தேயத் தேயக் கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங், அதாவது பொறி வரும் நேரம், பின்னால் போகும். வண்டி இழுவை இல்லாமல், சூடேறிக்கொண்டு, சோம்பலாக ஓடும். "எஞ்சின் வேலை செய்யணும்" என்று சொல்லிக் கொண்டுவரும் வண்டிகளில் சிலவற்றுக்குத் தேவைப்படுவது இந்த அரிசி அளவு கிரீஸும் பத்து நிமிட வேலையும்தான்.

அப்படியானால் பாயிண்ட் மாற்றியதும் டைமிங்கும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். கேப்பைத் தொட்டாலே டைமிங் நகர்கிறது. முதலில் கேப், பிறகு டைமிங்; வரிசை மாறக் கூடாது. 350-க்கு, பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சியைத் தொட 0.8 மில்லி இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், வேகம் கூடும்போது பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் எடைகள் ஒடுங்கிய நிலையில் இருக்க வேண்டும்.

திறக்கும் கணத்தைப் பிடிப்பதற்கு இரண்டு வழி. பொட்டுகளுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி லேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். அது நழுவும் கணம்தான் திறக்கும் கணம். அல்லது சாவியைப் போட்டு ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஒதுங்கியிருந்த முள் திறந்ததும் நடுவுக்கு வரும். அப்பா காலத்தில் கிக் அடிக்கும் முன் முள்ளைப் பார்த்தது இதற்காகத்தான். முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் மேலே வந்துவிட்டது; டிகம்ப்ரெஷரை (ஹெட்டில் உள்ள சின்ன வால்வைத் திறந்து கம்ப்ரெஷனை வெளியேற்றும் லீவரை) பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, முழுதாக ஓர் அடி.

இந்த வேலையை முதல் தடவை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டைமிங் முன்னால் ஓடிவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிப் பத்து நாள் நடக்க முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்புக் காலோடு புல்லட்டைக் கிக் செய்யாதீர்கள். டைமிங் சரியாக வைத்தும் திருப்பி அடித்தால் பாயிண்ட் தகட்டுக்குக் கீழே அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது) எஞ்சின் ஏறி இறங்கி ஓடுவதும் அதனால் வரும்.

வண்டி சூடானதும் நிற்கிறது. அரை மணி ஆறவிட்டால் கிளம்புகிறது. எதை மாற்ற?

எதையும் மாற்றும் முன் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். நின்ற உடனே திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே போய், அடுத்த கிக்கில் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

அது இல்லையென்றால் கண்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிய மின்சாரம் சட்டென்று நின்றால்தான் பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் எகிறும். நிற்காமல் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும் மின்சாரத்தை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது கெட்டுப்போனால் பிளக்கில் பாய வேண்டிய பொறி பாயிண்ட்டிலேயே பாயும். மூடியை எடுத்துவிட்டு, இருட்டில், எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டைப் பாருங்கள். சின்ன நீலப் பொட்டுபோல் மினுக்கினால் சரி. வெல்டிங் வைத்ததுபோல் தொடர்ந்து பெரிய பொறி தெரிந்தால் கண்டென்சர் போய்விட்டது. பொட்டுகளில் ஒன்றில் குழியும் எதிரே உள்ளதில் மேடும் விழுந்திருப்பதும் இதன் அடையாளம்.

சோதிக்கப் பழையதைக் கழற்ற வேண்டும் என்றுகூட இல்லை, ஒயரை மட்டும் பிரித்தால் போதும். வேறொரு கண்டென்சரின் ஒயரைப் பாயிண்ட் திருகில் கொடுத்து, அதன் தகர உடலை எஞ்சினில் இறுக்கிக் கட்டி ஓட்டிப் பாருங்கள். 0.2 மைக்ரோஃபாரட் அளவில் எது இருந்தாலும் சோதனைக்கு ஓடும். அம்பாசடர் காரின் கண்டென்சரைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓடிய புல்லட்டுகள் இருக்கின்றன. எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி, டாங்க்குக்குக் கீழே நிரந்தரமாக வைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடுதான்.

கண்டென்சரும் நன்றாக இருந்தால் காயில். ஆறு வோல்ட் காயிலைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், கை பல மாறிய வண்டிகளில் இது நடக்கிறது. ஓடும், ஆனால் கொதிக்கும். இன்னொன்று: எஞ்சின் ஓடாதபோது சாவியை விட்டுவைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலும் வேகும், பேட்டரியும் தீரும்.

கார்ப்பரேட்டர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?

பெரும்பாலும் இல்லை. மிக்கார்ப் விஎம் 24 கார்ப்பரேட்டரின் உடல் சீக்கிரம் கெடுவதில்லை. ஊசியும் ஜெட்டும் ரப்பரும்தான் தேயும். மிதவை ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாக ஒரு கோடு தட்டுப்பட்டால் அது பெட்ரோலை நிறுத்தாது, வழியும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை.

ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு; பித்தளை. அடைப்பை எடுக்கக் கம்பியை விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். தூண்டில் நரம்பு ஒரு துண்டு போதும். பிறகு காற்று அடியுங்கள். புது ஜெட் வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள்.

ஸ்லோ நிற்காமல் அலைந்தால் ஜெட்டைத் தொடும் முன் கார்ப்பரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கிரீஸை அப்புங்கள். சத்தம் மாறினால் பேக்கிங்கோ ஓ ரிங்கோ போயிருக்கிறது. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பழைய ரப்பர் டியூப்பும் ஓ ரிங்கும் அதில் ஊறி உப்புகின்றன அல்லது விறைத்து வெடிக்கின்றன. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதென்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

டாப்பெட் சத்தம் வருகிறது. எத்தனை மில்லி கேப் வைப்பது?

இந்த எஞ்சினுக்குக் கேஜ் தேவையில்லை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நின்ற வண்டியைக் காலையில் பாருங்கள். வலப்பக்கம் டாப்பெட் மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். வால்வை இயக்கும் நீளக் கம்பியான புஷ் ராட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் இதே அளவுதான்.

சத்தம் போக வேண்டும் என்று இறுக்கிவிடுவது பெரிய தவறு. சுழலாத புஷ் ராட் என்றால் வால்வு முழுதாக உட்காரவில்லை என்று பொருள். வால்வு கருகும். லேசான டக் டக் சத்தத்தோடு ஓடும் காஸ்ட் அயர்ன்தான் ஆரோக்கியமான காஸ்ட் அயர்ன்.

ஸ்பானர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு நட்டும் மெட்ரிக் நட்டும் கலந்து இருக்கும். கிட்டத்தட்ட பொருந்தும் ஸ்பானரால் திருகினால் நட்டின் முனை மழுங்கும். சரியாகப் பிடிக்கும் ஸ்பானர் கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கிக்கரில் கம்ப்ரெஷனே தெரியவில்லை. ரிங் போய்விட்டதா?

டிகம்ப்ரெஷர் கேபிளை முதலில் பாருங்கள். லீவரில் கொஞ்சம் லூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட்டில் உள்ள சின்ன வால்வைக் கேபிள் எப்போதும் ஒரு முடியளவு தூக்கிப் பிடித்திருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டுக் கிக் செய்து பாருங்கள். கம்ப்ரெஷன் திரும்பி வந்தால் செலவு முடிந்தது. வரவில்லை, ஹெட் பக்கம் சீறும் சத்தம் கேட்கிறது என்றால் அந்த வால்வின் இருக்கையில் கரி. கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு தேய்க்கும் பேஸ்ட் வைத்துத் தேய்த்து மாட்டலாம்.

அதற்கும் அசையாவிட்டால் பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுக் கிக் செய்யுங்கள். இப்போது கம்ப்ரெஷன் ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு.

ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

போர் வட்டமாக இருந்தால் போதும். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் புது ரிங் போட்டால் மூன்று மாதம்கூடத் தாங்காது. லேத் பட்டறையில் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, வாய் இடைவெளியை அளந்தால் 70 மில்லி போருக்கு ஏறக்குறைய 0.3 மில்லி இருப்பது நல்லது. தேய்ந்திருந்தால் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள்.

பிஸ்டன் பின்னின் லாக் வளையத்தைக் கழற்றும் முன் கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். அந்த வளையம் தெறித்து உள்ளே விழுந்தால் அடுத்த வேலை எஞ்சினை முழுதாகப் பிரிப்பதுதான். கழற்றிய வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். பழையதைக் காப்பாற்றி வையுங்கள் என்று இவ்வளவு சொன்ன நான் விலக்கு வைக்கும் பாகம் இது.

பேக்கிங், வாஷர் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டுமா?

காகிதப் பேக்கிங் புதிதாக. செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும். இரண்டு மூன்று தடவை தாங்கும்.

டைமிங் கவர் பக்கம் இருக்கும் ஃபெல்ட் ஆயில் ஃபில்டரை மாற்றிய பிறகு எண்ணெய் ஓடுகிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஸ்லோவில் ஓடும்போது, ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வந்ததும் இறுக்குங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

பாகம் மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் சிக்கல் வருமா?

இங்கே சொன்ன எதற்கும் வராது. எஞ்சினையே மாற்றினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். பழைய எஞ்சின் கேஸை வாங்கும் முன் இதை யோசியுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியவை, புதுப்பேட்டையில் பழையவை. மற்ற ஊர்களில், புல்லட் மட்டுமே பார்க்கும் வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவர் அநேகமாக இருப்பார். அவருடைய மேசை டிராயரில் இருக்கும் கழற்றிய பாகங்கள் கடையில் உள்ளவற்றைவிடப் பல சமயம் உயர்ந்தவை. அப்பா ஓட்டியது என்று சொல்லி வண்டியைக் காட்டுங்கள். தேடி எடுத்துத் தருவார்.

அப்பா விட்டுப்போன ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய பாகங்கள் இருக்கின்றன. தூக்கிப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு செய்தித்தாளை விரித்து அதில் கொட்டுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நட்டுகளை மரை வாரியாகப் பிரியுங்கள். இன்று கடையில் கிடைக்காத பிரிட்டிஷ் மரை நட்டுகள் அதில் இருக்கும். பாயிண்ட்டுகளில் பொட்டு தடிமனாக மிச்சம் இருப்பதைத் தனியே எடுங்கள். கண்டென்சர்களை ஒவ்வொன்றாக வண்டியில் போட்டு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடியதில் ஒரு சின்ன நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அப்படி நூல் கட்டிய ஒரு கண்டென்சர், ஒரு செட் பாயிண்ட், ஒரு பிளக், கிளட்ச் கேபிள் ஒன்று, ஃபீலர் கேஜ், இரண்டு பஸ் டிக்கெட். இவற்றை ஒரு துணிப்பையில் சுருட்டி டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.